வீட்டிலேயே ஒரு மர மேஜை: நம்ம ஊர் ஈரத்துக்கு நிற்கிற மாதிரி

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூனில் காற்றில் ஏறும் ஈரம் டிசம்பர் வரை முழுசாக இறங்குவதில்லை. தை கழிந்தால் மாசி, பங்குனியில் வெயில் வறுத்தெடுக்கும். மரம் இந்த இரண்டுக்கும் நடுவில் ஊதியும் சுருங்கியும் கொண்டே இருக்கும். வெட்டி நூறு வருஷம் ஆன மரமும் அப்படித்தான். வீட்டில் செய்த மேஜைகள் எப்படிக் கெட்டுப்போகின்றன என்று பார்த்தால், கைவேலை சரியில்லாமல் போனது குறைவு. பச்சை மரத்தில் செய்தது, மேல்பலகையை அசைய விடாமல் ஸ்க்ரூ போட்டு இறுக்கியது, இந்த இரண்டும்தான் பெரும்பாலும் காரணம். அதனால் இங்கே மரத்துக்கும் மேல்பலகை பொருத்துவதற்கும்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

செய்யப்போவது படிக்க, எழுத, லேப்டாப் வைக்கத் தோதான சாதாரண மேஜை. நீளம் 4 அடி, அகலம் 2 அடி, உயரம் 30 அங்குலம். நாலு கால், கால்களை மேலே இணைக்கிற நாலு சட்டம், அதன்மேல் ஒரு பலகை. டிராயர் கிடையாது. முதல் மேஜையிலேயே டிராயர் போட ஆசைப்படாதீர்கள். மேஜையைவிட டிராயருக்கு வேலை அதிகம், மழைக்காலத்தில் முதலில் சிக்கிக்கொள்வதும் அதுதான்.

அளவெல்லாம் அங்குலத்திலும் நூலிலும் சொல்கிறேன். மில்லிலும் ஆசாரிமாரிடமும் அதுதான் செல்லும். ஒரு அங்குலத்துக்கு 8 நூல்.

எந்த மரம்

அயினியும் (ஆஞ்சிலி) பிலாவும்தான் (பலா) நம்ம ஊர் மரங்கள். அயினி உறுதியானது, செல் (கரையான்) எளிதில் அரிக்காது, கடற்கரையில் வள்ளம் கட்டுவதற்கே போனது. ஆனால் சில தடிகளில் நார் ஒன்றுக்கொன்று எதிராக ஓடும். இழைக்கும்போது ஒரு பக்கம் வழுவழுவென்று வரும், பக்கத்திலேயே பிய்த்துக்கொண்டு வரும். பிலா உளிக்கும் இழைப்புளிக்கும் இணங்கிப் போகிற மரம். இழைத்த அன்று மஞ்சளாக இருக்கும், வெளிச்சம் படப்பட ஒன்றிரண்டு வருஷத்தில் தேன் நிறத்துக்கு மேல் போய்ப் பழுப்பாகும். பத்மநாபபுரம் அரண்மனையின் தாய்க்கொட்டாரத்தில் ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கிய தூண் நிற்கிறதே, அதைப் போய்ப் பார்த்தால் இந்த மரம் எத்தனை காலம் தாங்கும், எவ்வளவு நுணுக்கமான செதுக்கலை ஏற்கும் என்று தெரியும். முதல்முறை செய்பவருக்கு என் ஓட்டு பிலாவுக்குத்தான்.

தேக்கு ஊதுவதும் சுருங்குவதும் குறைவு, விலைதான் இடிக்கும். மகாகனி நல்ல மரம், ஆனால் தோட்டத்தில் சீக்கிரம் வளர்த்து வெட்டியதில் வெள்ளை (வைரம் ஏறாத வெளிப்பகுதி) அதிகம். மா மலிவு, உளுத்துப்போகும். பனை, தென்னை இரண்டும் மேஜைக்கு வேண்டாம். வெளிப்புறம் இரும்பு, உள்ளே பஞ்சு, இழைத்தால் நார் நாராகப் பிரியும்.

ரப்பர் மரத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். குலசேகரம், திருவட்டாறு பக்கம் பால் வற்றிய ரப்பர் தோட்டங்களை வெட்டும்போது மரம் மலிவாகக் கிடைக்கும். வெளிர் நிறம், நல்ல இழைப்பு, பார்க்க அழகு. ஆனால் அதில் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகம். வெட்டிய சில நாளிலேயே நீலப்பூஞ்சை ஏறும், பிறகு வண்டு துளைக்கும். மேஜைக்கு அடியில் மாவு மாதிரித் தூள் கொட்டிக் கிடந்தால் அது வண்டின் வேலை. பச்சையாக இருக்கும்போதே மருந்து ஏற்றினால்தான் ரப்பர் மரம் நிற்கும். மில்லில் அழுத்தம் கொடுத்து மருந்தேற்றியதை வாங்குவது நல்லது. வீட்டில் செய்வதானால் 10 லிட்டர் தண்ணீருக்கு 360 கிராம் போராக்ஸ், 240 கிராம் போரிக் அமிலம் என்று வெந்நீரில் கரைத்து, அறுத்த அன்றோ மறுநாளோ பலகையை முழுக்கி எடுத்து, பிளாஸ்டிக் தார்ப்பாயில் பொதிந்து இரண்டு மூன்று வாரம் வைக்கவேண்டும். மரத்தின் ஈரத்தின் வழியாகத்தான் மருந்து உள்ளே பரவும். காய்ந்த பலகையில் பிரஷ்ஷால் அடித்தால் தோலோடு நின்றுவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தொட்டியைப் பிள்ளைகள் பக்கம் வைக்காதீர்கள்.

இதையெல்லாம்விட நல்ல வழி ஒன்று உண்டு. பழைய ஓட்டு வீடு பொளிக்கும் (இடிக்கும்) இடத்தில் உத்திரம், கதவு நிலை, மச்சுப் பலகை கிடைக்குமா என்று விசாரியுங்கள். நாற்பது ஐம்பது வருஷம் கூரைக்கடியில் காய்ந்த பிலாவும் அயினியும் இனி முறுக்கவோ வெடிக்கவோ பெரிதாக வழியில்லை. மேலே கருப்புப் பிடித்திருக்கும். இரண்டு நூல் இழைத்தால் உள்ளே புது மரம். ஒரே ஆபத்து ஆணி. பழைய ஆணி தலை ஒடிந்து உள்ளே நின்றிருக்கும், வெளியே தெரியாது. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டிப் பலகையின் மேல் மெதுவாக நகர்த்தினால் ஆணி இருக்கும் இடத்தில் இழுக்கும். காந்தம் காட்டாத ஆணியை மில்லின் ரம்பம் காட்டும், அப்புறம் பிளேடுக்கு நீங்கள்தான் காசு கொடுக்கவேண்டும்.

சொந்தத் தோட்டத்து மரத்தை வெட்டுவதானால், மில்லுக்கு ஏற்றும் முன் வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தேக்கு, ஈட்டி என்றால் கட்டாயம் கேட்கவேண்டும்.

எவ்வளவு மரம்

மில்லில் அறுக்கச் சொல்லவேண்டிய அளவும், இழைத்து முடித்தபின் இருக்கவேண்டிய அளவும் இது:

கால் 4: அறுப்பு 2½ × 2½ அங்குலம், நீளம் 30½. இழைத்தபின் 2¼ × 2¼, கடைசி நீளம் 29 அங்குலம் 1 நூல்.
நீளச் சட்டம் 2: அறுப்பு 4 அங்குலம் × 9 நூல், நீளம் 42½. இழைத்தபின் 3½ அங்குலம் × 7 நூல், நீளம் 41½.
குறுக்குச் சட்டம் 2: அதே கனம், அதே அகலம். அறுப்பு நீளம் 18½, இழைத்தபின் 17½.
மேல்பலகை 5 துண்டு: அறுப்பு 5¼ அங்குலம் × 9 நூல், நீளம் 49½. ஒட்டி முடித்தபின் 48 × 24 அங்குலம், கனம் 7 நூல்.

கூட்டிப் பார்த்தால் 1.6 கன அடி வரும். கணு, வெடிப்பு, வெள்ளை என்று கழிப்பது போக 2 கன அடி வாங்கினால் போதும். மில்லில் “ஓரங்குலப் பலகை” என்று சொல்லிவிட்டு வராதீர்கள். ஓரங்குலத்துக்கு அறுத்த பலகை காய்ந்து வளைந்ததும், அதை நேராக்குவதற்குள் 5 நூலுக்கு வந்துவிடும். “ஒன்பது நூல்” என்று அழுத்திச் சொல்லுங்கள்.

சட்டத்தின் நீளம் எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் வேறு அளவுக்கும் நீங்களே போட்டுக்கொள்ளலாம். மேல்பலகை நாலு பக்கமும் 2 அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அப்படியானால் கால்களின் வெளி அளவு 44 × 20. அதில் இரண்டு காலின் கனம் 4½ கழித்தால் 39½, 15½. இரண்டு முனையிலும் காலுக்குள் நுழைகிற நாக்குக்கு ஓரங்குலம் வீதம் 2 கூட்டினால் 41½, 17½. அவ்வளவுதான். உட்காரும்போது சட்டத்துக்கு அடியில் தொடைக்கு 25½ அங்குலத்துக்குச் சற்று மேலே இடம் கிடைக்கும். 18 அங்குல உயர நாற்காலிக்கு அது தாராளம். சட்டத்தை 5 அங்குலம் அகலமாகப் போட்டால் உறுதி கூடும், ஆனால் கால்மேல் கால் போட்டு உட்காரமுடியாது.

காலுக்கான துண்டுகளில் மரத்தின் நடுக்குருத்து வரக்கூடாது. நடுக்குருத்து உள்ளே இருந்தால் அந்தக் கால் என்றாவது ஒருநாள் நீளவாக்கில் வெடித்தே தீரும்.

காய வைப்பது

ஓரங்குலப் பலகை நிழலில் காய ஒரு வருஷம் என்பது பொதுக்கணக்கு. 2½ அங்குலக் கால் அதற்கு மேல் எடுக்கும். அவ்வளவு பொறுக்கமுடியாது என்றால், காலுக்கு 1½ அங்குலத்துக்கு அறுத்துக் காயவைத்து, இழைத்து, இரண்டிரண்டாக ஒட்டி 2¼ ஆக்கிக்கொள்ளலாம். ஒட்டிய கால் முறுக்குவதும் குறைவு.

தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் செங்கல் அடுக்கி, ஒன்றரை அடிக்கு ஒரு ரீப்பர் துண்டு என்று வைத்து, அதன்மேல் பலகை, மறுபடி ரீப்பர், மறுபடி பலகை. ரீப்பர்கள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று நேர்க்கோட்டில் நிற்கவேண்டும். மாறி மாறி நின்றால் பலகை அந்த அலையோடேயே காய்ந்துவிடும். மேலே நாலைந்து கருங்கல்லோ சிமென்ட் கல்லோ பாரம் வையுங்கள். மழைச்சாரல் படாமல், வெயில் நேரடியாக அடிக்காமல், காற்று நடமாடுகிற இடமாக இருக்கவேண்டும். மாட்டுத்தொழுவத்தின் பரண் நல்ல இடம். மொட்டைமாடி கெட்ட இடம்.

பலகையின் இரண்டு வெட்டுமுனையிலும் பழைய பெயின்டையோ உருக்கிய மெழுகையோ அடித்துவிடுங்கள். ஈரம் வெட்டுமுனை வழியாகத்தான் வேகமாக ஓடும். முனை முதலில் காய்ந்து சுருங்க, உள்ளே பச்சையாக இருக்க, நடுவில் வெடிப்பு விழும். குலசேகரத்தில் அறுத்த மரத்தை ஆரல்வாய்மொழிக்குக் கொண்டுபோனால் இது இன்னும் மோசம். முப்பந்தலில் காற்றாலை சுற்ற வைக்கிற காற்று, பச்சைப் பலகையை ஒரே வாரத்தில் முனையிலிருந்து ஒரு சாண் பிளந்துவிடும். அந்தப் பக்கம் இருப்பவர்கள் அடுக்கின் காற்றுமுகத்தில் சாக்குக் கட்டி மறைக்கவேண்டும். மேற்கே, மழை அதிகமான பக்கம் இருப்பவர்களுக்கு எதிர்ப் பிரச்சினை. அடுக்குக்குள் காற்றே போகாமல் பூஞ்சை பிடிக்கும். அவர்கள் ரீப்பரை முக்கால் அங்குலத்துக்குப் பதில் ஓரங்குலமாகப் போடலாம்.

காய்ந்துவிட்டதா என்று தட்டிப் பார்த்துச் சொல்வதெல்லாம் பழகிய காதுக்குத்தான். எடைத் தராசு பொய் சொல்லாது. பலகையின் முனையிலிருந்து ஒரு அடி உள்ளே தள்ளி ஒரு சின்னத் துண்டு வெட்டி நிறுத்துங்கள். 250 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதை 100 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஓவனில் வைத்து, இனி எடை குறையாது என்கிறவரை காயவிடுங்கள். 220 கிராமில் நின்றால், போன தண்ணீர் 30 கிராம். 30 வகுத்தல் 220, அதாவது 13.6 சதவீத ஈரம். நம்ம ஊர் வீட்டுக்குள் 12 முதல் 15 வரை இருந்தால் வேலை தொடங்கலாம். 20 இருந்தால் திரும்ப அடுக்கிவிடுங்கள். ஓவன் இல்லாதவர்கள் பலகையையே வாரம் ஒருமுறை நிறுத்துப் பார்க்கலாம். தொடர்ந்து மூன்று வாரம் எடை மாறவில்லையென்றால் அந்த இடத்தின் காற்றுக்கு மரம் இணங்கிவிட்டது. அதன்பிறகு மேஜை நிற்கப்போகிற அறைக்குள்ளேயே இரண்டு வாரம் சாய்த்து வையுங்கள்.

காலும் சட்டமும்

கருவி அதிகம் வேண்டாம். பல் பொடியான ரம்பம் ஒன்று, இழைப்புளி ஒன்று, 3 நூல் உளியும் ஓரங்குல உளியும், கொட்டாப்புளி, மூலைமட்டம், டிரில்லிங் மிஷின், 9 மி.மீ. பிட், நாலைந்து கிளாம்ப். மின்சார பிளேனர் இருந்தால் முதல் இழைப்புச் சீக்கிரம் முடியும், ஆனால் கடைசி இழைப்பைக் கையால்தான் செய்யவேண்டும். பிளேனர் விடுகிற அலை பாலிஷ் அடித்தபிறகுதான் கண்ணில் படும். உளி தீட்டாமல் எதையும் தொடங்காதீர்கள். முன்கை மயிரைச் சிரைக்கிற கூர் இருந்தால் உளி சொன்னபடி கேட்கும். மொண்ணை உளிக்குப் பலம் கொடுத்து அடிக்கும்போதுதான் கை வெட்டுப்படும்.

ஒவ்வொரு துண்டிலும் முதலில் ஒரு முகத்தை நேராக்குங்கள், பிறகு அதற்கு மூலைமட்டமாக ஒரு விளிம்பு. இந்த இரண்டிலும் பென்சிலால் குறி போட்டு, இனி எல்லா அளவையும் இவற்றிலிருந்தே எடுங்கள். முறுக்கு இருக்கிறதா என்று பார்க்க, ஒரே அகலமுள்ள இரண்டு நேரான குச்சிகளைப் பலகையின் இரு முனையிலும் குறுக்கே வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மட்டமாகப் பாருங்கள். முன் குச்சியின் மேல்விளிம்பு பின் குச்சியோடு ஒன்றாகத் தெரிந்தால் முறுக்கில்லை.

காலில் துளை, சட்டத்தில் நாக்கு. ஸ்க்ரூவும் எல் பட்டியும் வைத்து முடிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. முடிக்கலாம், இரண்டு மழைக்காலம் ஓடும். மரம் சுருங்கும்போது ஸ்க்ரூ சுருங்காது. துளை தளர்ந்து கால் ஆட ஆரம்பிக்கும், இறுக்க இறுக்க இன்னும் தளரும்.

சட்டம் 7 நூல் கனம். அதில் நடுவில் 3 நூல் நாக்கு, இரண்டு பக்கமும் 2 நூல் தோள். 3½ அங்குல அகலத்தில் மேலே 6 நூல், கீழே 2 நூல் விட்டு, நடுவில் 20 நூல் உயரத்துக்கு நாக்கு. மேலே ஏன் அவ்வளவு விடவேண்டும்? துளை காலின் தலைக்கு அருகே வந்தால், உளி அடிக்கும்போதோ நாக்கை இறக்கும்போதோ காலின் தலை பிளந்துவிடும். இதே காரணத்துக்காகத்தான் கால் நீளத்தில் 11 நூல் கூடுதலாக விட்டிருக்கிறோம். ஓரங்குலத்தைத் தலைப்பக்கம் கொம்பு மாதிரி விட்டுவைத்து, துளையெல்லாம் முடிந்தபிறகு அறுத்துக்கொள்ளலாம். துளையின் அளவை எடுக்கவேண்டியது கொம்புக்குக் கீழே, தலை வரப்போகிற கோட்டிலிருந்து.

சட்டத்தின் வெளிமுகம் காலின் வெளிமுகத்திலிருந்து 2 நூல் உள்ளே தள்ளி நிற்கட்டும். இரண்டையும் ஒரே மட்டமாக வைத்தால், மரம் கொஞ்சம் சுருங்கினாலும் அந்த வித்தியாசம் கண்ணைக் குத்தும். தள்ளி வைத்தால் யாருக்கும் தெரியாது. அப்படியானால் துளை காலின் வெளிமுகத்திலிருந்து 4 நூலில் தொடங்கி 7 நூலில் முடியும். ஆழம் 9 நூல், நாக்கைவிட ஒரு நூல் கூடுதல். பசை தேங்க அந்த இடம் வேண்டும். பக்கத்து முகத்தில் வரும் துளைக்கும் இதற்கும் நடுவே 2 நூல் மரம் மிஞ்சும். ஆழம் போவது தெரிய பிட்டில் ஒரு டேப் சுற்றிக்கொண்டு, கோட்டுக்குள்ளே வரிசையாகத் துளைத்து, மிச்சத்தை 3 நூல் உளியால் சீவி எடுங்கள்.

துளை முதலில், நாக்கு பிறகு. உளியின் அகலம் மாறாது, அதனால் துளையின் அகலமும் மாறாது. நாக்கை வேண்டிய மட்டும் சீவிக்கொள்ளலாம். ரம்பம் எப்போதும் கோட்டின் கழிவுப்பக்கம் ஓடட்டும், கோடு மரத்தில் மிஞ்சட்டும். நாக்கு கையால் பாதி இறங்கி, கொட்டாப்புளியால் இரண்டு மூன்று தட்டுத் தட்டினால் முழுசும் இறங்கவேண்டும். தானாக விழுந்தால் தளர்ச்சி. நாக்கின் பக்கத்தில் ஒரு இழைப்புச் சீவலை ஒட்டிக் கனம் கூட்டுங்கள். ஓங்கி அடித்தால்தான் போகும் என்றால் அடிக்காதீர்கள், கால் பிளக்கும்.

பசை போடுமுன் முழுச் சட்டகத்தையும் ஒருமுறை வெறுமனே மாட்டிப் பாருங்கள். எந்த நாக்கு எந்தத் துளைக்கு என்று உட்பக்கம் எண் போடுங்கள். முதல் நாள் குறுக்குச் சட்டங்களை மட்டும் ஒட்டி, இரண்டு கால் ஒரு சட்டம் என்று இரண்டு ஜோடி. மறுநாள் நீளச் சட்டங்கள். எட்டு இணைப்பையும் ஒரே நேரத்தில் ஒட்டப்போனால், நாலாவதை இறக்குவதற்குள் முதலாவது பிடித்துவிடும். வெயிலும் காற்றும் இருந்தால் வெள்ளைப் பசை பத்து நிமிஷம்கூடப் பொறுக்காது. ஃபெவிக்கால் வகையில் தண்ணீர் தாங்குகிறதை வாங்குங்கள். ஈரத்துணியால் துடைக்கிற மேஜைக்கு அது அவசியம். தேக்கென்றால் ஒட்டுமுன் நாக்கைத் தின்னரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள், அதன் எண்ணெய் பசையைப் பிடிக்கவிடாது.

கிளாம்ப் இறுக்கியதும் மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். 44 × 20 சட்டகத்துக்கு 48⅓ அங்குலம் வரும். எண் எதுவானாலும் இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக இருக்கவேண்டும். ஒன்று நீளமாக இருந்தால் அந்த மூலைவிட்டத்தின் வாக்கில் கிளாம்பைக் கொஞ்சம் சாய்த்து இறுக்கினால் சரியாகும். பசை காய்ந்தபின் சரிசெய்ய வழியே இல்லை.

மேல்பலகை

ஐந்து பலகையையும் தரையில் அடுக்கி, கண்ணுக்கு ஒத்துவரும் வரை மாற்றி மாற்றி வையுங்கள். வளையங்கள் மேல்கீழாக மாறி மாறி வரவேண்டும் என்று சிலர் பிடிவாதமாகச் சொல்வார்கள். நன்றாகக் காய்ந்த மரத்தில் அதைவிட முக்கியம், ஐந்திலும் நார் ஒரே பக்கமாக ஓடுவது. இல்லாவிட்டால் ஒட்டியபின் இழைக்கும்போது ஒரு பலகை வழுக்கும், அடுத்தது பிய்யும். வைத்து முடிந்ததும் ஐந்தின் மேலும் சேர்த்து சாக்பீஸால் ஒரு பெரிய முக்கோணம் போடுங்கள். வரிசை கலைந்தாலும் முக்கோணம் சேர்த்துவிடும்.

விளிம்பு இழைக்கும்போது, பக்கத்துப் பலகைகள் இரண்டையும் புத்தகம் மூடுவதுபோல முகத்தோடு முகம் மடித்து, ஒன்றாகப் பிடித்து இழையுங்கள். இழைப்புளி கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் ஒன்றின் சாய்வை மற்றது ஈடுகட்டும்; விரித்து வைத்தால் மட்டமாகவே வரும். சேர்த்து வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். நடுவில் முடியளவு வெளிச்சம் தெரிந்தால் பரவாயில்லை, கிளாம்ப் இழுத்துக்கொள்ளும். முனைகளில் வெளிச்சம் தெரிந்தால் திரும்ப இழைக்கவேண்டும். முனைதான் முதலில் காய்ந்து பிரியும்.

கிளாம்ப் இரண்டு கீழே, ஒன்று மேலே, மாற்றி மாற்றி. எல்லாம் ஒரே பக்கம் இருந்தால் பலகை வில்லாக வளையும். நீளக் கிளாம்ப் இல்லாவிட்டால், இரண்டு ரீப்பருக்கு நடுவே பலகைகளை வைத்து, ரீப்பரின் முனைகளில் கட்டை அடித்து, ஆப்பு இறக்கி இறுக்கலாம். ஆசாரிமார் இப்படித்தான் காலங்காலமாகச் செய்தார்கள். பசை விளிம்பு முழுக்கச் சின்னச் சின்ன மணியாகப் பிதுங்கினால் அழுத்தம் சரி. வழிந்து ஓடினால் பசை அதிகம். எங்காவது பிதுங்கவே இல்லையென்றால் அங்கே பசை இல்லை.

இனி முக்கியமான விஷயம். 2 அடி அகலமுள்ள பலகை பங்குனிக்கும் ஐப்பசிக்கும் இடையே ஒன்றரை, இரண்டு நூல்வரை அகலத்தில் கூடிக் குறையும். நீளத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்காது. குறுக்குச் சட்டம் அதன் நீளவாக்கில் மாறாது. மேலே இருக்கிற பலகை அதே திசையில் மாறும். இரண்டையும் ஸ்க்ரூவால் பூட்டினால் பலகைக்குப் போக வழியில்லாமல், மாசியில் ஒருநாள் துப்பாக்கி வெடித்தமாதிரிச் சத்தத்தோடு நடுவில் பிளக்கும். பசை போட்டு ஒட்டினாலும் இதே கதி.

அதனால் சின்ன மரக்கட்டைகள் எட்டு செய்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குல நீளம், ஓரங்குல அகலம், 5 நூல் கனம். ஒரு முனையில் மேலிருந்து 2½ நூல் ஆழம் வெட்டி எடுத்தால், கீழே 2½ நூல் கனத்துக்கு ஒரு பல் மிஞ்சும். பல்லின் நீளம் 3 நூல் போதும். நார் பல்லின் நீளவாக்கில் ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் ஒடிந்துவிடும். சட்டத்தின் உட்பக்கத்தில், மேல்விளிம்பிலிருந்து 3 நூல் கீழே, 3 நூல் உயரமும் 3 நூல் ஆழமுமாகப் பள்ளம் வெட்டுங்கள். பல் பள்ளத்தில் நுழையும், கட்டையின் வழியாக மேல்பலகைக்கு ஒரு ஸ்க்ரூ. பல் பள்ளத்தின் மேல்சுவரில் முட்டும்போது கட்டைக்கும் பலகைக்கும் நடுவே அரை நூல் இடைவெளி இருக்கும். ஸ்க்ரூ அந்த அரை நூலை இழுத்து இறுக்குவதால்தான் பலகை கீழே பிடித்து உட்காருகிறது.

நீளச் சட்டத்தில் மூன்று மூன்று, குறுக்குச் சட்டத்தில் நடுவில் ஒன்றொன்று. நீளச் சட்டத்துக் கட்டைகளைச் சட்டத்தோடு ஒட்டி முட்ட வைக்காதீர்கள். பல் பாதிதான் உள்ளே போயிருக்கவேண்டும், முன்னும் பின்னும் ஒரு நூலாவது நகர இடம் வேண்டும். குறுக்குச் சட்டத்துக் கட்டைகள் சரியாக நடுவில் இருந்தால், பலகை இரண்டு பக்கமும் சமமாக விரியும்.

ஸ்க்ரூ 1¼ அங்குலம். கட்டையில் 5 நூல், பலகையில் 5 நூல், மேலே வெளியே வராமல் 2 நூல் மிச்சம். 1½ அங்குலம் வாங்கினால் முனை பலகைக்கு மேலே எட்டிப் பார்க்கும். கடற்கரைப் பக்கம், குளச்சல், முட்டம் போன்ற ஊர்களில் இரும்பு ஸ்க்ரூ வேண்டவே வேண்டாம். உப்புக்காற்றில் துருப்பிடித்து, ஈரம் பட்டால் மரத்தில் கருப்புக் கறை இறங்கும். பித்தளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ போடுங்கள். பித்தளை மென்மையானது, தலை முறிந்துவிடும். முன்துளை போட்டு, அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஒருமுறை ஏற்றி இறக்கி வழி உண்டாக்கி, பித்தளையில் மெழுகு தடவி ஏற்றுங்கள்.

பாலிஷ், பிறகு கால்

80, 120, 180 என்று உப்புத்தாள், எப்போதும் நாரின் வாக்கில். கடைசித் தாளுக்கு முன் ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் நார் எழுந்து நிற்கும். அதை 180-ஆல் தேய்த்துவிட்டால் முதல் கோட்டுக்குப் பிறகு சொரசொரப்பு வராது.

தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். நம்ம வீடுகளில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் சொல்கிறேன். அது காயாத எண்ணெய். பிசுபிசுவென்று நின்று தூசி பிடிக்கும், நாற்றமும் அடிக்கும். அரக்கு பாலிஷ் பார்க்க அழகு, ஆனால் சூடான சாயா டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும். எழுதப் படிக்கிற மேஜைக்கு இரண்டு டப்பாவாக வரும் பியு (பாலியூரித்தேன்) பாலிஷ் நல்லது. டப்பாவில் போட்டிருக்கும் விகிதப்படி கலந்து, மெலிசாக மூன்று கோட்டு, நடுநடுவே 320 தாள். மழை பெய்துகொண்டிருக்கும்போது அரக்கோ லேக்கரோ அடித்தால் காற்றின் ஈரம் உள்ளே மாட்டி வெண்மூட்டம் போட்டுவிடும். வேலையைத் தையிலிருந்து பங்குனிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஆளிவிதை எண்ணெய் பயன்படுத்துபவர்கள் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்குங்கள்.

மேல்பக்கம் எத்தனை கோட்டு அடித்தாலும் அடிப்பக்கத்துக்கும் ஒரு கோட்டாவது அடிக்கவேண்டும். ஒரு பக்கம் மூடி, ஒரு பக்கம் திறந்திருந்தால் ஈரம் ஒரு பக்கமாகவே ஏறி இறங்கிப் பலகை கிண்ணமாகும்.

காலின் அடிப்பாதம் வெட்டுமுனை. தரை துடைக்கும் ஈரத்தையெல்லாம் அதுதான் உறிஞ்சும், செல்லும் அதன் வழியாகத்தான் ஏறும். அண்டி ஆபீஸ்களில் (முந்திரி ஆலைகளில்) கிடைக்கும் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் இதற்கு நல்ல மருந்து. தோலில் பட்டால் பொள்ளும், கையுறையோடு பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு மரம் குடிக்கிற மட்டும் கொடுத்து, ஒரு வாரம் காயவிடுங்கள். கருப்பாகும், பாதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாதத்தின் விளிம்பு நாலையும் 2 நூல் சீவிவிட்டால் இழுக்கும்போது சிராய் பிளக்காது. அதன்மேல் ரப்பர் புஷ்.

மேஜை ஆடினால் உடனே காலை அறுக்கப் போகாதீர்கள். முதலில் இடத்தை மாற்றி வைத்துப் பாருங்கள். பழைய சிவப்புத் தரைகள் அநேகமாக மட்டமாக இருக்காது. எங்கே வைத்தாலும் ஆடினால்தான் கால் குற்றம். மட்டமான பலகையின்மேல் நிறுத்தி, குட்டையான காலுக்கடியில் ஆட்டம் நிற்கும் வரை அட்டைத் துண்டு செருகி, அந்த அட்டையைவிடச் சற்றே உயரமான கட்டையின்மேல் பென்சிலைப் படுக்கவைத்து நாலு காலையும் சுற்றிக் கோடு போட்டு, அந்தக் கோட்டில் அறுக்கவேண்டும்.

முதல் ஐப்பசி மழை முடிந்ததும் மேஜையைக் கவிழ்த்து அந்த எட்டுக் கட்டைகளையும் பாருங்கள். நீளச் சட்டத்துப் பல் ஏதாவது பள்ளத்தின் அடிச்சுவரில் முட்டி நிற்குமானால், ஸ்க்ரூவைக் கழற்றிப் பல்லின் முனையில் ஒரு நூல் சீவி மாட்டிவிடுங்கள். பங்குனியில் இன்னொருமுறை பார்த்து, பல் பள்ளத்தை விட்டு வெளியே வந்திருக்கிறதா, ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா என்று சோதித்தால் போதும்.